சக்கரவர்த்தியின் தட்டி

குந்தாரப்பள்ளி
2-5-1954

மகாராஜராஜஸ்ரீ, பூலோக எருதோட்டங்களின் ஒரே சரித்திராசிரியர், 'கொம்போசை' என்னும் மாதப் புத்தகத்தை நினைத்தபோது மட்டும் வெளியிடும் பத்திராதிபர், ஓசூர் மாப்பிள்ளை சின்னராஜ் அவர்களுக்கு, உன் மனைவி சரோஜம்மாளின் தாய்மாமனும், முதன்முதலில் வருஷச் சந்தா கட்டிய மகானுபாவனுமாகிய நாராயணப்பன் ஆசீர்வாதம்.

இவ்விடம் க்ஷேமம் இல்லை. அதற்குக் காரணம் நீ.

மாசியில் சூளகிரியில் ஓடிய எருதுகளின் சமாசாரம் பங்குனிப் புத்தகத்தில் வரும் என்றாய். பங்குனி செத்துக் கருமாதியும் முடிந்தது. சித்திரையும் படுக்கையில் விழுந்துவிட்டது. நான் தபாலுக்காகத் தெருவில் காத்து நின்ற இடத்தில் புல் முளைத்து, அந்தப் புல்லை என் எருது மேய்ந்து ஒரு சுற்றுப் பெருத்தும் விட்டது. தபால்காரன் திம்மப்பன் என் வாசலைக் கடக்கப் பயந்து ஆற்றங்கரையோடு சுற்றிப் போகிறான். ஊரில் மற்றவர்களுக்கு வரும் கடிதங்களும் அதனால் நனைந்தே வருகின்றன. அந்தப் பாவமும் உன் கணக்கில்தான்.

வேலை மும்முரத்தில் மறந்திருப்பாய், ஆகவே நினைவூட்டுகிறேன். தை மாதம் என் மகள் நாகம்மாவை சூளகிரி சென்னப்பன் மகன் வெங்கடப்பனுக்குக் கொடுப்பதாகத் தாம்பூலம் மாற்றினோம். மாசியில் அதே சூளகிரியில் என் எருது சக்கரவர்த்தி ஓடினான். கொம்பில் மூங்கில் தட்டி, தட்டியில் ஜிகினா, பட்டுத் துண்டு. ஓடும் எருதின் கொம்பிலிருந்து அதைப் பறிப்பவன்தான் அன்றைக்கு வீரன். எட்டூர்க் கண்ணும் அவன்மேல். அந்தத் தட்டியை இதுவரை எந்த மனிதக் கையும் தொட்டதில்லை. அன்றைக்கும் தொடவில்லை. வேப்பங்கிளையில் உரசிக் கழன்று விழுந்தது. விழுந்ததை அந்தப் பையன் பொறுக்கிக்கொண்டு வந்து, "நான் பறிச்சேன்" என்று தூக்கிக் காட்டினான். மருமகனாக வரப்போகிறவன் மாமனார் எருதின் தட்டியைப் பறித்ததாகப் பொய் சொல்லலாமா? நான் சபையில் கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன். பெங்களூரில் கேட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

சென்னப்பன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தான். பெரியவர்கள் நடுவே புகுந்து, "வண்டிமேல நின்னுனு முழுசா பாத்தது ஓசூர் புத்தகக்காரர் ஒருத்தர்தான். அவரு வாயால சொல்ல வேணாம், நாளைக்கு மாத்திச் சொன்னாருன்னு வரும். அச்சுல வரட்டும். அச்சுல வந்தத ரெண்டு வூடும் ஒத்துக்கணும், அதுவரைக்கும் கல்யாணப் பேச்சு வேணாம்" என்று தீர்ப்புச் சொன்னார்கள். நாங்களும் தலையாட்டினோம். மாதப் புத்தகம் மாதாமாதம் வரும் என்று நம்பினோம் பார், அந்தப் புத்திசாலித்தனத்துக்கு இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரு சிலை வைக்கலாம்.

புத்தகத்தை உடனே அனுப்பு. தவறினால் சக்கரவர்த்தியை ஓசூருக்கு அனுப்புவேன். அவனுக்குப் படிக்கத் தெரியாது, முட்டத் தெரியும்.

இப்படிக்கு,
நாராயணப்பன்

*

ஓசூர்
9-5-1954

மாமா அவர்களுக்கு, சின்னராஜ் நமஸ்காரம்.

தங்கள் கடிதத்தைச் சரோஜா இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துச் சிரித்தாள். எனக்குச் சிரிக்க முகம் இல்லை. தாமதம் என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காரணத்தைக் கேளுங்கள்.

ராகி மண்டிக் குமாஸ்தா வேலையை விட்டுவிட்டு எருதோட்டத்துக்கென்று ஒரு புத்தகம் தொடங்கியபோது எல்லாவற்றையும் யோசித்தேன், ஒன்றைத் தவிர. எருது ஓடும் காலம் தையிலிருந்து பங்குனி வரை. ஊரெல்லாம் கல்யாணம் தேடிப் பிடிக்கும் காலமும் அதுதான், அதற்குப் பிறகு சித்திரை வைகாசியும்தான். ஓசூரில் எனக்குக் கடன் சொல்லி அச்சடித்துத் தருகிறவர் கங்கப்பன் ஒருவர். அவரிடம் இருப்பது காலால் மிதிக்கிற ஒரே மிஷின், இரண்டு பெட்டி எழுத்து. நான் பக்கம் கோத்து வைத்தால், காலையில் யாராவது மஞ்சள் தடவிய காகிதத்தோடு வந்து நிற்கிறார்கள். என் பக்கத்தைக் கலைத்து, என் எருதுகளின் எழுத்துகளையே எடுத்து மணமகன் மணமகள் பெயரைக் கோத்துவிடுகிறார்.

கேட்டால், "உன் எருது ஓடி முடிச்சாச்சு சாமி. இனிமே நிதானமா அடிச்சாலும் அது ஓட்டம் கொறையாது. முகூர்த்தம் நிக்குமா, சொல்லு" என்கிறார்.

தாங்கள் ஒருவர் மட்டும் திட்டுவதாக நினைக்க வேண்டாம். போன வாரம் கெலவரப்பள்ளியிலிருந்து ஒரு சந்தாதாரர் கட்டுச்சோற்றோடு வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டார். "புத்தகம் குடு, இல்லாட்டி இங்கயே ஒக்காந்துனு இருப்பேன். என் எருது ரெண்டாவது வந்ததுன்னு நான் சொன்னா என் பொண்டாட்டியே நம்பமாட்டேங்கறா" என்றார். சரோஜா களி போட்டாள். சாப்பிட்டுவிட்டுத் திட்டினார். பிறகு சும்மா இருக்க முடியாமல், பழைய புத்தகங்களுக்கு முகவரிச் சீட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். போகும்போதும் திட்டினார்.

தட்டி விஷயமாக என்னிடம் முன்கூட்டி எதுவும் கேட்க வேண்டாம். பெரியவர்கள் வாயைக் கட்டியிருக்கிறார்கள். வைகாசி முகூர்த்தங்கள் தீர்ந்ததும் புத்தகம் வந்துவிடும்.

நாகம்மாவுக்குச் சரோஜாவின் அன்பு.

தங்கள்,
சின்னராஜ்

*

குந்தாரப்பள்ளி
6-6-1954

ஊரார் கல்யாணங்களுக்கெல்லாம் எழுத்துத் தானம் செய்யும் கர்ண மகாபிரபு, மாப்பிள்ளை சின்னராஜுக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்தது. உலகத்தில் உள்ள பெண்களுக்கெல்லாம் கல்யாணம் நடப்பதால் என் பெண்ணின் கல்யாணம் நிற்கிறது என்று அறிந்து ஆனந்தக் கண்ணீர் வடித்தேன். அந்தக் கண்ணீரில் இரண்டு ஏக்கர் நெல் நட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமைச் சந்தைக்குச் சென்னப்பன் மாடு பிடிக்க வந்தான். டீக்கடையில் ஒரே பெஞ்சு. அவன் கிழக்கே பார்த்து உட்கார்ந்தான், நான் மேற்கே பார்த்து உட்கார்ந்தேன். இரண்டு முதுகும் முட்டிக்கொண்டு பெஞ்சு பிளக்கிற சத்தம் கிருஷ்ணகிரி மலைக்கு மேலிருந்த கழுகுகளை எழுப்பிவிட்டது. கடைக்காரன்தான் எங்கள் இருவருக்கும் நடுவே தூதன்.

"ஆவணி மொத முகூர்த்தம் வரைக்கும் பாப்பேன்னு சொல்லு. அதுக்கப்புறம் பேரிகை ஊருப் பக்கம் ஒரு வூடு கேட்டுனு இருக்குது" என்றான் சென்னப்பன்.

"பொய் சொல்ற பையனுக்கு எந்தப் பக்கமும் வூடு கெடைக்கும்னு சொல்லு" என்றேன் நான்.

கடைக்காரன் பாவம், இரண்டையும் சொல்லாமல் டீயை மட்டும் கொடுத்தான். பையனும் சற்றுத் தள்ளிக் கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். காதில் விழாமல் இருக்காது. தலை நிமிரவில்லை, ஒன்றும் பேசவும் இல்லை. குற்றமுள்ளவன் பேசமாட்டான் என்று உன் அத்தை மங்கம்மாவிடம் சொன்னேன். அவள் சோற்றுச் சட்டியை நங்கென்று வைத்தாள்.

நாகம்மா தொழுவமே கதி என்று கிடக்கிறாள். தபால்காரன் மணி அடித்தால் மட்டும் தொழுவத்திலிருந்து ஒரு தலை எட்டிப் பார்க்கிறது. புத்தகம் இல்லை என்றதும் உள்ளே போய்விடுகிறது. மாப்பிள்ளை, அந்தத் தலை எட்டிப் பார்ப்பதைப் பார்க்கும்போது எனக்கு உன்மேல் கோபம் வருவதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆவணி. நினைவில் வை.

நாராயணப்பன்

*

ஓசூர்
21-6-1954

மாமா அவர்களுக்கு நமஸ்காரம்.

தங்களிடம் இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அச்சகத்தில் மை தடவுகிற ரோலரை எலி கடித்துவிட்டது. வெல்லப்பாகும் வஜ்ஜிரப் பசையும் காய்ச்சி வார்த்த ரோலர் அது. எலிக்கு அது அதிரசம். பெங்களூரிலிருந்து வேறு வார்த்து வர வேண்டும். கங்கப்பன் பூனை வளர்க்கத் தீர்மானித்திருக்கிறார்.

சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். வேறு விசேஷம் இல்லை.

சின்னராஜ்

*

குந்தாரப்பள்ளி
25-7-1954

எலிகளின் தோழன் மாப்பிள்ளை சின்னராஜுக்கு,

ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் கல்யாணம் உண்டா? அச்சகத்தில் மஞ்சள் காகிதம் உண்டா? நான் சும்மா இருப்பேன் என்று நினைத்தாயா? என் ஒற்றர்படை நாலு திசைக்கும் புறப்பட்டது. படையென்றால் மாட்டுத் தரகன் ஒருவன்தான். ஆனால் வாய் ஆயிரம் பேருக்குச் சமம். அவன் ஓசூரில் கங்கப்பனைப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்: "புது ரோலரு வந்து ரெண்டு மூணு வாரமாச்சு. மிஷின் சும்மா கெடக்குது. அந்தாளு ஈ ஓட்டினு ஒக்காந்துகினு இருக்கறாரு. எருதுப் புத்தகம் முழுக்கக் கோத்தாச்சாம், ஒரு பக்கத்த மட்டும் புத்தகக்கார ஐயா மிஷின்ல ஏத்த வுடமாட்டேங்கறாராம்."

எந்தப் பக்கம் மாப்பிள்ளை?

நான் பெரிய பேச்சுக்காரன். சக்கரவர்த்தி மூச்சு விட்டால் தென்பெண்ணையில் அலை அடிக்கும் என்று சந்தையில் சொல்லியிருக்கிறேன். கேட்டவன் சிரிப்பான், நானும் சிரிப்பேன். ஆனால் கிளையில் உரசியதை நான் என் கண்ணால் பார்த்தேன். அதில் ஒரு சொல் கூட்டவில்லை. கூட்டாமல் சொன்னது வாழ்நாளில் அது ஒன்றுதான், அதைத்தான் எவனும் நம்பவில்லை.

நீ எனக்கு விரோதமாக எழுதியிருக்கிறாயா? உறவு என்பதால் மறைக்கிறாயா? எதுவானாலும் சொல். எல்லாக் காலதாமதத்தையும் பொறுத்த சந்தாதாரன் நான். இந்த ஒன்றைப் பொறுக்கமாட்டேன்.

நாராயணப்பன்

*

ஓசூர்
29-7-1954

மாமா,

அந்தப் பக்கந்தான். புரூஃப் இத்துடன் வைத்திருக்கிறேன். எலி கடித்தது நிஜம். ஆனால் புது ரோலர் வந்தபிறகும் நான் எலியின் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன்.

நீங்கள் பார்த்தது பொய்யில்லை. சக்கரவர்த்தி வேப்பமரத்தடியில் வளைந்தபோது கிளை தட்டியில் பட்டது, தட்டி ஒரு பக்கம் சாய்ந்தது, கூட்டம் 'ஓ' என்று கத்தியது. கோயில் வாசலில் நீங்கள் நின்ற இடத்திலிருந்து அதுவரைதான் தெரியும். அப்புறம் தெரு திரும்பிவிடுகிறது, புழுதி வேறு. நான் வண்டிமேல் நின்றதால் திரும்பிய பின்னும் பார்த்தேன்.

தட்டி விழவில்லை. சாய்ந்தபடி கொம்பிலேயே இருந்தது. வைக்கோல் போர் பக்கத்தில் வெங்கடப்பன் பாய்ந்து அதைப் பிடித்தான். சக்கரவர்த்தி நிற்கவில்லை. பனைமரம் வரை அவனை இழுத்துக்கொண்டு ஓடினான். கொம்பு நுனியில் மாட்டிய பித்தளைக் குப்பி உள்ளங்கையைக் கிழித்தும் பையன் விடவில்லை. பனைமரத்தடியில் கட்டு அறுந்து தட்டி அவன் கையோடு வந்தது. முறையாகப் பறித்தான், மாமா. அதைத்தான் எழுதியிருக்கிறேன்.

அச்சில் வந்தால் உங்கள் வார்த்தை போகும். சபையில் சொன்ன சொல்லுக்காக நீங்களே கல்யாணத்தை முறித்துவிடுவீர்கள் என்று பயந்தேன். மாற்றி எழுதினால் அந்தப் பையன் ஆயுசுக்கும் பொய்யன். கல்யாணம் அப்போதும் நடக்காது. இரண்டையும் செய்யாமல் நாளைக் கடத்தினேன். திட்டிக் கடிதம் எழுதாத சந்தாதாரர் இப்போது யாரும் இல்லை. புத்தகத்தை மூடிவிட்டு மண்டிக்கே திரும்பிப் போங்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரியான யோசனையாகவே படுகிறது.

சரோஜா சொல்கிறாள்: "எங்க மாமன் வாய்தான் பெருசு, மனசு அதைவிடப் பெருசு. அனுப்பிடுங்க." அவள் சொல்லை நம்பி அனுப்புகிறேன். நீங்கள் பார்க்காமல் இந்தப் பக்கம் மிஷினில் ஏறாது. ஆனால் மாற்றிக் கோக்கச் சொன்னால் என்னால் முடியாது.

சின்னராஜ்

*

குந்தாரப்பள்ளி
12-8-1954

மாப்பிள்ளை சின்னராஜுக்கு ஆசீர்வாதம்.

பட்டம் எதுவும் போடாமல் தொடங்கியதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். போகப் போகப் போடுகிறேன்.

உன் காகிதத்தை மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டும் படித்தேன். எப்படிப் படித்தாலும் அந்தப் பையன் கையில்தான் தட்டி இருந்தது. அடுப்பில் போட்டுவிட்டு, 'தபாலில் தொலைந்தது' என்று உனக்கு எழுதலாமா என்றுகூட யோசித்தேன். திம்மப்பன்மேல் பழி போடுவது எனக்குப் பழக்கம்தானே.

நாகம்மா பின்னாலிருந்து, "குடுப்பா" என்றாள். கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். உள்ளங்கை கிழிந்த இடத்தில் கொஞ்சம் நின்றாள் என்று நினைக்கிறேன். அப்புறம் சொன்னாள்:

"நீ தோத்துட்டன்னு இதுல எங்கப்பா போட்டிருக்குது? எருது ஓடுச்சு. கிளை ஒரசுச்சு, நீ சொன்னது கெடக்குது. அவரு புடிச்சாரு, அதுவும் கெடக்குது. ரெண்டு பேரு சொன்னதும் நெசந்தான்."

"அப்ப ஒண்ணுமில்லங்கறியா?" என்றேன்.

"ஒண்ணு இருக்குது. சந்தையில அத்தன பேரு முன்னால அவரப் பொய்யன்னு சொன்னியே, அத யாரு அச்சுல போடுவாங்க?"

மாப்பிள்ளை, என் வாய்க்குப் பதில் சொல்ல உலகத்தில் ஆள் பிறக்கவில்லை என்று இருந்தேன். பிறந்து, என் வீட்டிலேயே வளர்ந்து, சாணி அள்ளிக்கொண்டிருந்திருக்கிறது.

மறுநாள் பஸ் ஏறினேன். சூளகிரியில் இறங்கியபோது முரசு ஒலித்தது, யானை பிளிறியது என்றெல்லாம் எழுத ஆசைதான். ஒரு நாய் குரைத்தது. சென்னப்பன் ராகிக் கொல்லையில் களை பார்த்துக்கொண்டிருந்தான். வரப்பில் நின்று உன் பக்கத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை உரக்கப் படித்தேன். களை பறித்தவர்களெல்லாம் நிமிர்ந்து நின்று கேட்டார்கள். முடித்துவிட்டு, "உன் பையன் சொன்னது நெசம். பொய்யன்னு சொன்னது என் வாய். அதச் சொல்லத்தான் வந்தேன்" என்றேன். என் வாயிலிருந்து இவ்வளவு சின்னப் பேச்சு வந்து நான் கேட்டதே இல்லை.

சென்னப்பன் கையிலிருந்த களையை வரப்பில் வீசினான். பிறகு, "இதச் சொல்றதுக்கா இத்தினி மாசம்?" என்றான்.

"மாசப் புத்தகம்யா. அப்டிதான் வரும்" என்றேன். உன் மானத்தையும் அங்கேயே காப்பாற்றினேன்.

சிரித்துவிட்டான். அவன் சிரித்ததில் வரப்பு இரண்டு இடத்தில் உடைந்தது.

பையன் வந்தான். காலில் விழப் போனவனைத் தடுத்து, கையைக் காட்டச் சொன்னேன். தழும்பு கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டு வரை ஓடுகிறது. நீ 'கிழித்தும்' என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டாய். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "கெளையில ஒரசித் தட்டி சாயாம இருந்தா எனக்கு எட்டியிருக்காதுங்க மாமா. அன்னிக்கே சொல்லலாம்னு வந்தேன். நீங்க கோபமா இருந்தீங்க." அரை வருஷம் அவனை நான் திட்டியிருக்கிறேன். அவன் என் எருதுக்காக வக்காலத்து வாங்கிக்கொண்டு நிற்கிறான். இப்படிப்பட்டவனைப் பேரிகைக்காரர்களுக்கு விட்டுக்கொடுக்க நான் என்ன பித்தனா?

ஆவணி முதல் முகூர்த்தம் நிச்சயமாகிவிட்டது. நீயும் சரோஜாவும் முந்தின நாளே வந்துவிட வேண்டும். மண்டிக்குத் திரும்புகிற யோசனையை அந்தச் சந்தாதாரனிடமே திருப்பி அனுப்பிவிடு. இரண்டு ஊர்ச் சண்டையை ஒரு பக்கத்தில் தீர்த்த புத்தகம் இந்தப் பூமண்டலத்தில் வேறு எது? சூளகிரியில் களை பறித்தவர்களில் மூன்று பேர் சந்தா கட்டுவதாகச் சொன்னார்கள். தாமதமாகத்தான் வரும் என்று எச்சரித்தேன். "வந்தா நெசமா வருதில்ல, போதும்" என்றார்கள்.

எல்லாம் சரி. ஆனால் சந்தாதாரன் என்ற முறையில் உன்மேல் எனக்கு ஒரு பலத்த புகார் உண்டு.

வெங்கடப்பனையும் அழைத்துக்கொண்டு அந்தத் தெருவில் நடந்து பார்த்தேன். வைக்கோல் போர் இருந்த இடம், பனைமரம், எல்லாம் பார்த்தேன். தட்டியின் மூங்கில் சிம்பு ஒன்று பனைமரத்துக்கும் அப்பால், கிணற்று மேட்டு வேலியில் இன்னும் சிக்கிக்கொண்டிருக்கிறது. அவன் கிணறு வரை இழுபட்டிருக்கிறான்! நீ வண்டிமேல் நின்று பனைமரத்தோடு கண்ணை எடுத்துவிட்டாயா? அல்லது அத்தனை தூரம் எழுதக் கங்கப்பனிடம் எழுத்துப் போதவில்லையா? சக்கரவர்த்தி ஒரு பனைமரத்தோடு களைத்து நிற்கிற எருதா? அவனைப் பிடித்தவன் அதோடு விடுகிற பையனா?

அந்தப் பக்கத்தை உடனே கலைத்துத் திருத்திக் கோக்கவும். அதனால் புத்தகம் இன்னும் ஒரு மாதம் பிந்தினாலும் எனக்குச் சம்மதம். மற்ற சந்தாதாரர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். என் மருமகனைப் பனைமரத்தோடு நிறுத்தாதே. கிணறு வரை இழு.

இப்படிக்கு,
சக்கரவர்த்தியின் சொந்தக்காரனும்,
வெங்கடப்பனின் மாமனாரும் ஆகிய
நாராயணப்பன்